வேட்டை லைசன்ஸ் வாங்கிய என் பிள்ளைக்கு

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்தவள் நான்தான். அதனால் மறுபடி பேச்சைத் தொடங்க வேண்டியவளும் நான்தான். "அது இருக்கற ஆத்துக்கு நான் பிரசவத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உன் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, "அப்போ டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். "பண்ணித்தான் பாருங்கோளேன்" என்றேன். டிக்கெட் அப்படியே இருக்கிறது. தை பிறந்ததும் கிளம்பி வருகிறேன். உன் வீட்டில் துப்பாக்கி இருந்தாலும் வருவேன், பீரங்கி இருந்தாலும் வருவேன். நித்யாவுக்குப் பத்தியம் சமைத்துப் போட அந்த டெக்சஸில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே மிரட்டலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடமாட்டேன். வருகிற சனிக்கிழமை உன் சிநேகிதன் டேவிட் வீட்டுக்குப் போய் அந்தக் கைத்துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாய். போகாதே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இன்றைக்கே உனக்கு அனுப்பிவிட்டுத்தான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஆனாலும் இதைப் பத்திரிகையில் எதற்கு எழுதுகிறாய் என்று கோபித்துக்கொள்வாய். நம் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு பிள்ளையோ பெண்ணோ அங்கேதான் இருக்கிறது. மார்கழிக் கச்சேரிக்குப் போனால் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிப் பேர், விசாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிப் பேர். போன வாரம் கான்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், தன் பிள்ளையும் 'ஒன்று' வாங்கி வைத்திருப்பதாகக் காதோடு சொன்னாள், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். அந்த ஊர் அரசாங்க வக்கீலே படித்தாலும் இது எந்த வீட்டுக் கதை என்று அவருக்குத் தெரியாது. இதில் வருகிற நித்யாவின் சமாசாரத்தையும் அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று நம் வீட்டில் வழக்கம்போல் புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, பக்கத்தில் கத்தரிக்கோல், அரிவாள்மணை, அப்பாவின் ஸ்க்ரூடிரைவர், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் காலையிலேயே பூஜையை முடித்தாயிற்று. சாயங்காலம், உங்களுக்கு விடிந்ததும், நீ வீடியோவில் வந்தாய். ஆழ்வார்பேட்டையிலிருந்து உன் அத்தை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்திருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் தேவகியும் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். உன் பூஜையில் லேப்டாப் இருந்தது, கார் சாவி இருந்தது, நித்யாவின் சுருதிப்பெட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு டர்க்கி டவல் மேல் கறுப்பாக ஒரு சாமான், அதற்கு ஒரு சந்தனப் பொட்டு. நான் டிரில்லிங் மெஷின் என்றுதான் நினைத்தேன். "கைக்கு அடக்கமா நன்னா இருக்கேடா, எங்கே வாங்கினே?" என்று வேறு கேட்டேன். நீ அசட்டுச் சிரிப்புச் சிரித்தாய். தேவகிதான் கண்டுபிடித்தாள். "யம்மா, அது நெஜ துப்பாக்கி மாரி கீதே! தம்பி அங்க போலீஸ்ல சேந்துக்கிச்சா?"

அத்தைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "மன்னி, இதான் மன்னி ஆயுத பூஜை. நாமெல்லாம் கத்தரிக்கோலை வெச்சுண்டு அம்பாளை ஏமாத்திண்டிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே போனில் ஒரு படம் பிடித்தாள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. "நம்ம வம்சத்துலயே நெஜ ஆயுதம் வெச்சுப் பூஜை பண்ணினவன் இவன் ஒருத்தன்தான்" என்றார். நான் மட்டும் கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன். நம் தெருவில் யார் வீட்டிலும் அப்படி ஒரு சாமான் கிடையாது. வேண்டுமென்றால் போலீஸ் கமிஷனர் ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய நடக்க வேண்டும். "லைசன்ஸ்லாம் இருக்கும்மா, பயப்படாதே" என்றாய். என்ன லைசன்ஸ் என்று கேட்டேன். "வேட்டை லைசன்ஸ்" என்றாய்.

வேலை விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த நாட்டு மத்திய அரசின் சட்டம் என்றும், வேட்டையாட லைசன்ஸ் வாங்கினவனுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு என்றும் நீ பொறுமையாக விளக்கினாய். அதனால் உன் ஆபீஸில் தயிர்சாத டப்பா கொண்டுவருகிற பையன்களில் சிலர் மான் வேட்டைக்கு லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்களாம். நீ அதற்கென்று வகுப்புக்குப் போய், மான் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் எங்கே குறி வைக்க வேண்டும் என்று படித்து, பரீட்சையில் ஒரு கேள்விகூடத் தப்பாமல் எழுதினாயாம். படிப்பில் உன்னை என்றைக்குமே குறை சொல்ல முடியாது. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எலிப்பொறியில் ஒரு எலி விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரில் முக்கிவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு ஊரைக் கூட்டினாய். கடைசியில் பொறியை மடியில் வைத்துக்கொண்டு நீ ஸ்கூட்டரில் பின்னால் உட்கார, அப்பா திருவான்மியூர் கடற்கரைவரை ஓட்டிக்கொண்டு போனார். மணலில் விட்டால் அதற்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அழுது, சுண்டல் விற்கிற இடத்துக்குப் பக்கமாகப் பார்த்து விடச் சொன்னாய். அந்தக் குழந்தையிடம் மான் வேட்டைக்கு லைசன்ஸ் இருக்கிறது என்றால் பெற்றவள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

சிரித்து முடித்த கையோடு நான் கேட்டது ஒரே கேள்வி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் செக்‌ஷனில் காலம் தள்ளினவள் நான். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கடைசித் தேதிக்குத்தான். பிரீமியம் கட்ட மறந்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து அழுத எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "அந்த லைசன்ஸ் எதுவரைக்கும்டா?" என்றேன். நீ எழுந்து உள்ளே போனாய். திரும்பி வந்து அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஆகஸ்ட் கடைசியோட முடிஞ்சுடுத்தும்மா" என்றாய். வருஷா வருஷம் அங்கே எல்லாருக்கும் அன்றைக்குத்தான் முடியுமாம். மாநிலச் சட்டம் உன்னை ஒன்றும் கேட்காது, ஆனால் மத்தியச் சட்டப்படி லைசன்ஸ் முடிந்த மறுநாளிலிருந்து அந்தச் சாமான் உன்னிடம் இருந்ததே குற்றம், ஜெயிலில் வருஷக்கணக்காக வைக்கக்கூடிய குற்றம் என்று வக்கீல் சொன்னாராம். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிற நேரம், ஆறு மாதம் நடந்துகொண்டிருக்கிற நித்யா, வங்கிக் கடனில் வாங்கின வீடு. உன் ஆபீஸ் சிநேகிதன் டேவிட் அந்த ஊர்க் குடிமகன், சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அவனே வந்து அதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

அதற்குள் அத்தை பிடித்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறி, சித்தப்பா பெரியப்பா எல்லாரும் கைகூப்பி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்கள். பூஜைத் தேதியோடு, சந்தனப் பொட்டோடு, உன் முகத்தோடு! அத்தைக்குப் போன் போட்டு எடுக்கச் சொன்னால், "ஏன் மன்னி, எல்லாரும் எவ்வளவு ஆசையா லைக் போட்டிருக்கா" என்று கேட்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழுத அழுகையை நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது. "கொழந்தைக்கு என்னால ஏதாவது ஆயிடுமா மன்னி?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உனக்கு ஏதாவது தபால் வந்தது என்று நீ சொன்னாலே யாரிடமிருந்து என்று கேட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு இது ஒரு புதுப் படிப்பாகிவிட்டது. நீ அனுப்புகிற தீர்ப்புகளை எல்லாம் பிரின்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, பூங்காவில் கூட நடக்கிறவர்களிடம் படித்துக் காட்டுகிறார். அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை 'ஜனங்களுக்கு' என்று எழுதியிருக்கிறதாம். அந்த ஜனங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் சேர்த்தியா இல்லையா என்று கோர்ட்டுகளில் அடிபட்டுக்கொண்டிருக்கிறதாம். ஒரு நீதிபதி ஒரு மாதிரி சொன்னால் இன்னொருவர் வேறு மாதிரி சொல்கிறாராம். "வரி வாங்கிக்கறாளோல்லியோ? அப்போ ஜனம்தான்!" என்று அப்பா கத்துகிறார். "விருந்தாளிக்கு எதுக்கு ஓய் பீரோ சாவி?" என்று ரிட்டயரான ஆடிட்டர் ஒருவர் எதிர்க்கட்சி. ஒருநாள் நம் வீட்டுக்கே வந்து இந்தச் சண்டையைப் போட்டார்கள். காபி கொண்டுபோய் வைக்கும்போது காதில் விழுந்தது. கல்லூரி முடித்த கையோடு போனவன் நீ. உன் தலையில் நரை விழுந்தது அந்த ஊரில். தெருவில் குழாய் உடைந்தால் முனிசிபாலிட்டிக்கு முதலில் போன் செய்கிறவன் நீதான் என்று நித்யா சொல்லியிருக்கிறாள். நீ அந்த ஊர் ஜனமா இல்லையா என்று யாரோ கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்றால் உனக்கு எப்படி இருக்கும்? 'எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள், நான் வைத்துக்கொண்டால் என்ன' என்று உனக்கு ஒரு வீம்பு வந்திருந்தால் அதை நான் தப்புச் சொல்லமாட்டேன்.

ஆனால் நீ வாங்கினது வீம்பால் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இந்திய மளிகைக் கடையில் நடந்ததை நீ என்னிடம் மறைத்தாய். ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தாய். கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே ஒருவன் துப்பாக்கியை நீட்டினான், நீ அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கறிவேப்பிலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவன் பணத்தை எடுத்துக்கொண்டு போனபிறகும் உனக்கு எழுந்திருக்க வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறிவேப்பிலை கையில் கசங்கி இருந்ததாம். இதை நீ சொல்லும்போது பக்கத்து அறையில் நித்யா இருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாய். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் குழந்தை அப்படி உட்கார்ந்திருந்தபோது நான் இங்கே சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பயம் என்னவென்று எனக்குத் தெரியாதா? உனக்கு இரண்டு வயசு நடக்கும்போது அப்பாவுக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. திருவான்மியூரில் அப்போது நம் வீட்டுக்கு அந்தண்டை வெறும் மணல். எதிர் வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்துப் பாத்திரம் பண்டம் எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். நான் வாசல் கதவுக்கு மேலும் கீழுமாகத் தாழ்ப்பாள் போட ஆள் கூப்பிட்டேன். மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்தேன். தாழ்ப்பாள் அடிக்க அடிக்கப் பயம் அதிகமாயிற்றே தவிர குறையவில்லை. கடைசியில் அதைக் குறைத்தது பக்கத்து வீட்டு மாமிதான். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குச் சுவர் மேலாகக் குரல் கொடுப்பாள். "என்னடி, கதவைச் சாத்தியாச்சா? நான் இங்கேதான் இருக்கேன்." அவ்வளவுதான். அந்தக் குரல் வந்தபிறகு எனக்குத் தைரியம் வந்துவிடும். உனக்கு அங்கே அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே உனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. ஆள் இல்லாத இடத்தில் நீ ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை கண்ணா.

ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய். வேட்டை லைசன்ஸைப் புதுப்பித்துவிட்டாய், வக்கீலும் இப்போது சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டார், குழந்தை வருவதற்குள் வீட்டில் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றாய். அங்கேதான் நான் போனை வைத்தேன். அப்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. சட்டம் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு அம்மா என்ன வாதாட முடியும்? தேதி தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இரு என்று நானே காலண்டரில் குறித்து வைத்து ஞாபகப்படுத்தக்கூடியவள்தான்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை நித்யா கூப்பிட்டாள். நான் குளத்தங்கரைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அவளுக்காகத்தான் சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினாள். "அம்மா, நீங்க வருவேள்தானே?" என்றாள். வராமல் எங்கே போவேன் என்றேன். பிறகு, "இதை அவர்கிட்ட சொல்ல எனக்கு வரலைம்மா. நீங்க சொல்றேளா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் அங்கேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் மாதம் ஒருநாள் அவள் மத்தியானமே வீட்டுக்கு வந்தாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாய். அந்த நேரத்துக்கு அவள் வரமாட்டாள். கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டு நீ எழுந்திருக்கிறாய். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது நீ ஹாலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாய். கையில் அது இருந்தது. உடனே இறக்கிவிட்டாய். "ஐயோ, நீயா!" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நீ காபி போட்டுக் கொடுத்தாய். இவ்வளவும் உனக்குத் தெரியும். அவள் ஏன் அன்று சீக்கிரம் வந்தாள் என்று நீ கேட்கவில்லை. தலைவலி என்று அவளும் சொல்லிவிட்டாள். டாக்டரிடமிருந்து நேரே வந்திருந்தாளடா. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாளாம். வாசலில் அப்படி உன்னைப் பார்த்ததும் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் காலை நீ பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாளே, அது முந்தின நாள் மத்தியானமே உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம்.

அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை, கண்ணா. இருந்தால்கூடத் தேவலை. "பாவம்மா அவர், பயந்துட்டார்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவள் ஒருநாளும் தானாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதில்லை. காரிலிருந்தே உனக்குப் போன் செய்கிறாள். "வந்துட்டேன்" என்று சொல்லி, நீ "சரி" என்று சொன்னபிறகுதான் இறங்குகிறாள். நீ ஆசையால் செய்கிறாள் என்று நினைத்திருப்பாய். நீ என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது எத்தனையோ தடவை அந்தப் போன் வந்திருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சாமான் டேவிட் வீட்டுக்குப் போய் இத்தனை நாளாகியும் அவள் போன் செய்வதை நிறுத்தவில்லை. தன் வீட்டுக்குள் நுழைய ஒரு பெண் தெருவில் நின்று உத்தரவு கேட்கிறாள்.

சனிக்கிழமை நீ என்ன செய்யப்போகிறாய் என்று நான் போன் போட்டுக் கேட்கமாட்டேன். நித்யா வளர்ந்தவள், விவரம் தெரிந்தவள், காரில் உட்கார்ந்து போன் செய்துவிட்டு வருகிறாள். நம் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்க ஆரம்பித்ததும், நீ அந்தப் பக்கம் திரும்பி வேலை செய்துகொண்டிருக்கும்போது, எந்த நேரத்திலாவது உன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவரும். அது போன் பண்ணிவிட்டு வராது.

அம்மா